பேச வருது, பாடம் வரல



இந்த மாத மடலின் தலையங்கம் என் முறை. வாடகை பற்றி எழுதுவதாகத்தான் கூட்டத்தில் பேசி முடிவு செய்தோம். ஆனால் போன சனிக்கிழமை நடந்த ஒன்று மனசை விட்டுப் போகவில்லை. வாடகை அடுத்த மடலில் வரும், மன்னிச்சுக்கோங்க.

ஃபிரிஸ்கோவிலிருந்து 121ஆம் நெடுஞ்சாலையைப் பிடிச்சா அரை மணி நேரத்துக்குள் லூயிஸ்வில். மியான்மரின் சின் மாநிலத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள் அங்கே நிறைய. பலர் நேராக இங்கே வந்தவர்கள் இல்லை, மலேசியாவில் வருஷக்கணக்கில் காத்திருந்து வந்தவர்கள். அங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், சனிக்கிழமைகளில் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு உதவ நம்ம குழுவிலிருந்து மூன்று பேர் போகிறோம்.

அங்கே வரும் ஒரு பையன். பதினேழு வயசு. பெயர் வேண்டாம், தம்பின்னே சொல்றேன். முதல் நாள் என்னைப் பார்த்ததும் அவன் கேட்டது: "சாப்டாச்சாக்கா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோலாலம்பூரில் ஒரு தமிழர் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவ ஆரம்பித்து, ரொட்டி சானாய் போடும் வரை நாலு வருஷம் வேலை பார்த்திருக்கிறான். மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. அகதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடையாது. அகதிச் சமூகங்களே சேர்ந்து நடத்தும் கற்றல் மையங்கள்தான் உண்டு. தம்பி அப்படி ஒரு மையத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்தான். பிறகு வீட்டுக்குக் காசு வேணும், கடைக்குப் போனான். 2024இல் இங்கே வந்தான். வயசைப் பார்த்து ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தார்கள்.

போன சனிக்கிழமை அவன் கையில் உயிரியல் தாள். ஒரு கேள்வி, கீழே நாலு விடை. 'டேபிளின் அடிப்படையில்' எது சரி என்று கேட்டிருந்தது. தம்பி தாளைப் பார்த்தான், பிறகு முன்னால் இருந்த மேஜையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். டேபிள் என்றால் மேஜை. அவன் நாலு வருஷமாகத் துடைத்த மேஜை, சாப்பாடு வைத்த மேஜை. கட்டம் போட்டு எண்கள் எழுதியதற்கும் அதே பெயர் என்று அவனிடம் யாரும் இதுவரை சொல்லவில்லை.

நான் சொன்னேன். சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, நான் முட்டாள் இல்ல" என்றான், தமிழில்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னான். பிப்ரவரியில் அவனுக்குப் பதினெட்டு முடிகிறது. பதினெட்டானால் பள்ளிக்கூடத்தைவிட ஜி.ஈ.டி. எழுதிவிட்டு வேலைக்குப் போவது உனக்கு நல்லது என்று யாரோ அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பள்ளி, யார் என்று நான் எழுதப் போவதில்லை. இது ஒருத்தரோட கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை. அதனால்தான் தலையங்கமாக எழுதுகிறேன்.

ஒரு மொழிக்குள்ளே இரண்டு மொழி

இதைத் தமிழ் தெரிந்த நமக்கு விளக்குவது சுலபம். நமக்கே நடந்திருக்கிறது.

நான் நியூஜெர்சியில் பிறந்தவள், எட்டு வயசில் ஃபிரிஸ்கோவுக்கு வந்தோம். வீட்டில் தமிழ்தான். அம்மாவோடு சண்டை, அப்பாவோடு அரசியல், எல்லாம் தமிழில். எனக்குத் தமிழ் நல்லா வரும்னுதான் இருபது வயசு வரை நினைத்திருந்தேன். கல்லூரியில் ஒரு நாள் தமிழ்ப் பத்திரிகையின் தலையங்கத்தைத் திறந்தேன். எழுத்து தெரியும், கூட்டிப் படித்தேன். ஆனால் 'எனினும்', 'ஆகவே', 'மேற்கூறிய', 'இதன்பொருட்டு'. வீட்டில் யாரும் இப்படிப் பேசவே மாட்டார்களே! நாங்கள் 'ஆனா' என்போம், 'அதனால' என்போம். இரண்டு பத்தி தாண்டவில்லை, மூடி வைத்துவிட்டேன். என் தாய்மொழியில் நானே கைநாட்டு மாதிரி உணர்ந்தேன்.

பேசும் மொழி வேறு, பாடம் நடக்கும் மொழி வேறு. இதை முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்களில் ஒருவர் கனடாவின் ஜிம் கம்மின்ஸ், 1979இல். டொரொண்டோவில் குடியேறிய மாணவர்களின் தரவைப் பார்த்து 1981இல் அவர் சொன்னது இதுதான்: அன்றாடப் பேச்சு ஆங்கிலம் ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் வந்துவிடும். பாட ஆங்கிலத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்திலிருந்து ஏழு வருஷம் ஆகும். நடுவில் இருக்கும் அந்த மூன்றிலிருந்து ஐந்து வருஷம்தான் ஆபத்தான காலம். பிள்ளை கேன்டீனில் சரளமாகப் பேசுகிறான், நகைச்சுவை சொல்கிறான். 'இவனுக்குத்தான் ஆங்கிலம் வருதே, அப்புறம் ஏன் பரீட்சையில் எழுதல? சோம்பேறி' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பாடமொழி என்றதும் பெரிய பெரிய சொற்கள்தான் நினைவுக்கு வரும். அது பாதிதான். ஒளிச்சேர்க்கை என்ற சொல்லை ஆசிரியரே பலகையில் எழுதி விளக்குவார், ஏனென்றால் அது வகுப்பில் எல்லோருக்கும் புதுசு. யாரும் விளக்காத சின்னச் சொற்கள்தான் காலை வாரும். 'அன்லெஸ்', 'அட் மோஸ்ட்', 'ரெஸ்பெக்டிவ்லி'. 'டேபிள்' மாதிரி இரட்டைப் பொருள் உள்ளவை: கணக்கில் 'சொல்யூஷன்' என்றால் விடை, வேதியியலில் கரைசல். ஒப்பிடு, விளக்கு, நியாயப்படுத்து என்ற மூன்று கட்டளைகளுக்கும் மூன்று விதமாகப் பதில் எழுத வேண்டும் என்பது. இவை எல்லாம் ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் ஓடுகிறது.

ரெண்டு பேரும் ஒரே பட்டியலில்

இப்போது சென்னையிலிருந்து போன வருஷம் ஃபிரிஸ்கோவுக்கு வந்த ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனை நினைத்துப் பாருங்க. அப்பாவுக்கு எச்-1பி. பையன் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவன். அவனுக்கும் டெக்சஸ் உச்சரிப்பு புரியாது, வகுப்பில் வாய் திறக்க மாட்டான். அவனையும் இ.எஸ்.எல். பட்டியலில் போடுவார்கள். ஆனால் அவனுக்கு அட்டவணை என்றால் என்னவென்று தெரியும். வரைபடத்தின் கிடைக்கோடு, செங்குத்துக்கோடு தெரியும். நாலு விடையில் ஒன்றுக்கு வட்டம் போடத் தெரியும், பரீட்சையில் தெரியாத கேள்வியைத் தாண்டிப் போகத் தெரியும். அவன் செய்ய வேண்டியது தெரிந்த பொருளுக்கு ஆங்கிலப் பெயர் ஒட்டுவது மட்டும்தான். ஒரு மொழியில் கற்ற கல்வி இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்று கம்மின்ஸ் சொன்னதும் இதைத்தான்.

தம்பிக்கு ஒட்டுவதற்குப் பொருளே புதுசு. வர்ஜீனியா காலியர், வெய்ன் தாமஸ் இருவரும் சேர்ந்து பல வருஷம் செய்த ஆய்வுகளில், தாய்மொழியில் பள்ளிப் படிப்பே கிடைக்காமல் வரும் பிள்ளைகளுக்குப் பாட ஆங்கிலத்தில் எட்டிப் பிடிக்க ஏழிலிருந்து பத்து வருஷம் ஆகலாம் என்று காட்டினார்கள். கணக்குப் போடுங்க. பதினாறு வயசில் வந்தவனுக்கு ஏழு வருஷம் தேவை. பள்ளிக்கூடம் அவனுக்குக் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் ஐந்து.

அதற்குள் அவன் முடிக்க வேண்டியது என்ன? இதுவரையுள்ள முறைப்படி டெக்சஸில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு ஐந்து மாநிலத் தேர்வுகள்: அல்ஜீப்ரா, உயிரியல், அமெரிக்க வரலாறு, ஆங்கிலம் 1, ஆங்கிலம் 2. மேலே 22 கிரெடிட், சிறப்புப் பிரிவோடு என்றால் 26.

அவனுக்கு மூளை இல்லையா? அன்றைக்குச் சோதித்தே பார்த்தேன். 48 டாலர் சட்டை, 15 சதவீதம் தள்ளுபடி, எவ்வளவு கொடுப்பே என்று வாயால் கேட்டேன். மேலே பார்த்தான். நாலு எண்பது, ரெண்டு நாற்பது என்று முணுமுணுத்து, நாற்பது டாலர் எண்பது சென்ட் என்றான். நான் போனில் தட்டுவதற்குள் சொல்லிவிட்டான். அதே கணக்கு அவன் தாளில் ஐந்து வரி ஆங்கிலக் கதையாக இருந்தது. அதை அவன் தொடவே இல்லை.

டெக்சஸ் 2021இல் ஒரு நல்ல காரியம் செய்தது. ஆங்கிலம் போதாதவர்கள் என்ற பழைய பெயரை நீக்கி, வளரும் இருமொழியாளர் என்று சட்டத்தில் மாற்றியது. பெயர் அழகு. ஆனால் சென்னைப் பையனும் தம்பியும் அந்த ஒரே பெயருக்குள் இருக்கிறார்கள். சென்னைப் பையன் சீக்கிரமே தேறி வெளியே வருவான், 'நம்ம திட்டம் வெற்றி' என்று மாவட்டம் அறிக்கை போடும். தம்பி மாதிரி பள்ளி தவறிய அகதிப் பிள்ளைகளுக்கு டெக்சஸ் விதிகளில் தனிப் பெயரே இருக்கிறது. அவர்களின் தேர்வு முடிவு, அமெரிக்கப் பள்ளியில் ஆறாவது வருஷம் வரும்வரை பள்ளியின் தரவரிசைக் கணக்கில் சேராது. பள்ளியைத் தண்டிக்கக் கூடாது என்ற நியாயமான எண்ணத்தில் வைத்த விதிதான். ஆனால் பதினாறு வயசில் வந்தவனுக்கு ஆறாவது வருஷமே கிடையாது. அவன் வந்ததும் கணக்கில் இல்லை, போனதும் கணக்கில் இல்லை.

நம்ம வீட்டு ஃபார்ம்

இனி நம்மைப் பற்றி. கோபப்படாமல் படிங்க.

பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி என்ன என்று ஒரு ஃபார்ம் தருவார்கள். நான் கிண்டர்கார்டன் சேர்ந்தபோது என் அப்பா அதில் 'ஆங்கிலம்' என்று எழுதினார். எங்க வீட்டில் அன்றைக்கு ஆங்கிலம் பேசியது டி.வி. மட்டும்தான். ஏன் அப்படி எழுதினார்? இ.எஸ்.எல்.னு போட்டா பொண்ணை மக்கு லிஸ்டில் சேர்த்துருவாங்கன்னு ஆபீசில் யாரோ சொன்னார்களாம். இன்றைக்கும் ஃபிரிஸ்கோ வாட்ஸாப் குழுக்களில் அதே அறிவுரை சுற்றுகிறது. 'எல்லாத்துக்கும் இங்கிலீஷ்னே டிக் பண்ணிடுங்க, பிரச்சனை இல்லை.'

பிரச்சனை இருக்கிறது. டெக்சஸ் சட்டப்படி, ஒரு மாவட்டத்தில் ஒரே வகுப்பு நிலையில் ஒரே தாய்மொழி பேசும், உதவி தேவைப்படும் பிள்ளைகள் 20 பேர் இருந்தால் அந்த மொழியில் இருமொழிக் கல்வி தர வேண்டிய கடமை வருகிறது. நம்ம ஊர் 2000இல் 33 ஆயிரம் பேர், 2020இல் இரண்டு லட்சம். தமிழும் தெலுங்கும் காதில் விழாத கடைத்தெரு இங்கே இல்லை. ஆனாலும் ஃபார்மில் மொழியை நாமே மறைத்தால், தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்க நமக்கு வாயே இருக்காது. அதைவிட மோசமானது, இ.எஸ்.எல். என்றால் கேவலம் என்று நாம் வீட்டில் பேசும் பேச்சு. அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தம்பியின் முதுகில்தான் அது போய் விழுகிறது.

எச்-1பி விசாவுக்குப் பட்டப்படிப்பு கட்டாயம். அதாவது படித்தவர்களாகப் பொறுக்கி எடுத்துத்தான் இந்த நாடு நம் பெற்றோரை உள்ளே விட்டது. அதை மறந்துவிட்டு 'தமிழர்கள்னாலே படிப்பாளிகள்' என்று மார்தட்டுவது பொய். என் அப்பாயி புதுக்கோட்டைப் பக்கம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஊருக்கு வந்தபோதுதான், பேரப்பிள்ளை எடுக்கும் வயசில், கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். அவருடைய மகன், என் அப்பா, குடும்பத்தின் முதல் பட்டதாரி. சத்துணவு, அரசுப் பள்ளி, இட ஒதுக்கீடு, அரசுப் பொறியியல் கல்லூரி: வழியெல்லாம் ஊர்ப் பணம். ஒரு தலைமுறைக்கு முன்னால் நாங்களும் தம்பியின் பட்டியலில் இருந்தவர்கள்தான்.

நம்மில் எல்லோருக்கும் அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. 2009இல் வன்னியில் பதுங்குகுழிக்கும் பிறகு மெனிக் பாம் முகாமுக்கும் நடுவே படிப்பைத் தொலைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பலில் 492 பேர் கனடாக் கரையில் இறங்கியபோது அதில் குழந்தைகளும் இருந்தார்கள். இந்த மடலைப் படிப்பவர்களில் சிலருக்கு அது சொந்தக் கதை. பள்ளி தவறியவன் வேறு யாரோ இல்லை.

இந்த உரிமைகள் எங்கிருந்து வந்தன

பதினெட்டானால் போகலாம் என்று தம்பியிடம் சொன்னார்களே, சட்டம் என்ன சொல்கிறது? டெக்சஸில் 19 வயது வரை பள்ளிக்கு வருவது கட்டாயம். செப்டம்பர் 1 அன்று 21 முடியாதவருக்கு அந்தக் கல்வியாண்டு முழுக்கப் படிக்க உரிமை. தம்பி 2029 மே மாதம் வரை படிக்கலாம். யாரும் அவனுக்கு அதைச் சொல்லவில்லை.

இந்த நாட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் உரிமைகளை வாங்கித் தந்தவர்கள் பெற்றோர்களும் பிள்ளைகளும்தான். இன்னொரு 'ஃபிரிஸ்கோ'வான சான் பிரான்சிஸ்கோவில் சீன மொழி பேசும் ஏறக்குறைய 1,800 பிள்ளைகள், புரியாத ஆங்கில வகுப்பில் எந்த உதவியும் இல்லாமல் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் தொடுத்த லாவ் வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடம் என்று கொடுத்துவிட்டால் அது சமத்துவம் ஆகாது, புரியாதவனுக்கு அங்கே கல்வியே நடக்கவில்லை.

1981இல் தெற்கு டெக்சஸின் ரேமண்ட்வில் ஊரில் ஒரு மெக்சிக அமெரிக்கத் தகப்பன் போட்ட காஸ்டன்யேடா வழக்கு மூன்று கேள்விகளைத் தந்தது. பள்ளியின் திட்டம் ஏற்கத்தக்க கல்விக் கொள்கையில் நிற்கிறதா? அதை நடத்தத் தேவையான ஆசிரியரும் பணமும் உண்மையில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் பலன் தெரிகிறதா? இந்த மூன்றையும் எந்தப் பள்ளி வாரியக் கூட்டத்திலும் நாம் எழுந்து கேட்கலாம். தீர்ப்பு வந்தது ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், டெக்சஸ் அதன் எல்லைக்குள்தான் வருகிறது.

இங்கிருந்து இரண்டு மணி நேரம் கிழக்கே போனால் டைலர் ஊர். 1977இல் அந்த ஊர்ப் பள்ளி நிர்வாகம், ஆவணமில்லாத பிள்ளைகள் வருஷத்துக்கு ஆயிரம் டாலர் கட்டினால்தான் படிக்கலாம் என்றது. ப்ளைலர் எதிர் டோ வழக்கில் 1982 ஜூன் 15 அன்று, ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், அது செல்லாது என்று தீர்ப்பு. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் கதையே வேறு. 2022இல் டெக்சஸ் ஆளுநர் கிரெக் அபட் அந்தத் தீர்ப்பை மறுபடி எதிர்க்கலாம் என்று வெளிப்படையாகவே பேசினார். 2025இல் டென்னசி செனட் அதற்கு வழி போடும் மசோதாவை நிறைவேற்றியது.

2025 முழுக்க இதே திசையில்தான் போனது. ஜனவரியில் அகதிகள் வருகை நிறுத்தப்பட்டது. மார்ச்சில் ஆங்கிலம் அதிகாரபூர்வ மொழி என்று ஆணை. அதே மாதம் கூட்டாட்சிக் கல்வித் துறையில் ஆங்கிலம் கற்போருக்கான அலுவலகம் கிட்டத்தட்டக் காலி செய்யப்பட்டது. ஆகஸ்டில், இந்த மாணவர்களுக்குப் பள்ளிகள் என்னென்ன செய்ய வேண்டும் என்று 2015இல் விளக்கிய வழிகாட்டுதல் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த நிதியாண்டுக்கு அகதிகள் வரம்பு 7,500. தீர்ப்புகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றைச் செயல்படுத்தச் சொல்லி மேலிருந்து கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. அப்போ கீழிருந்து நாம்தான் கேட்கணும்.

'பாடமொழியே அதிகாரத்தின் மொழிதானே?'

நம்ம கூட்டத்தில் ஒரு தோழர் இதைக் கேட்டார், நியாயமான கேள்வி. நெல்சன் ஃபுளோரஸ், ஜொனதன் ரோசா 2015இல் எழுதிய கட்டுரையும் இதைத்தான் சொல்கிறது. கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் எவ்வளவு திறமையாகப் பேசினாலும், வெள்ளையர் காது அதைக் குறையாகவே கேட்கிறது. பிள்ளையின் மொழியைத் திருத்திக்கொண்டே இருப்பதைவிட, கேட்கும் காதைக் கேள்வி கேளுங்கள் என்கிறார்கள். செந்தமிழ் பேசினால்தான் படித்தவன் என்ற நினைப்பால் எத்தனை பேர் வாயை அடைத்தோம் என்று தெரிந்த நமக்கு இது புரியும்.

நான் இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பிக்கு இந்தத் தாள் வெள்ளிக்கிழமை. பாடமொழி அதிகாரத்தின் மொழி என்ற விமர்சனத்தையே நான் பாடமொழியில்தான் படித்தேன், பாடமொழியில்தான் பரீட்சை எழுதித் தேறினேன். எனக்குக் கிடைத்ததை அவனுக்கு வேண்டாம் என்று தத்துவம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவனுக்குப் பாடமொழி முழுசாகக் கிடைக்க வேண்டும். கற்றுக் கொடுக்கும்போது அவனுடைய பேச்சையும் கணக்கையும் மட்டமாக நினைக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தே கேட்போம்.

அப்படிக் கற்றுக் கொடுக்க வழி உண்டு. ஆண்ட்ரியா டிகாபுவா, ஹெலெய்ன் மார்ஷல் என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளி தவறிய பிள்ளைகளோடு வேலை செய்து சொன்னது: இந்தப் பிள்ளைகள் கூட்டாக, வாய்வழியாக, உடனே உதவும் காரியங்களுக்காகக் கற்றுப் பழகியவர்கள். பள்ளிக்கூடமோ தனித்தனியாக, எழுத்து வழியாக, என்றைக்கோ உதவும் என்று கற்றுத் தருகிறது. எனவே இரண்டு பக்கமும் இறங்கி வர வேண்டும். புதுப் பாடத்தைத் தெரிந்த மொழியில், தெரிந்த பொருளில் தொடங்கு. புது வகைப் பயிற்சியைத் தெரிந்த பாடத்தில் பழக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றாதே.

அறிவொளிக்காரர்கள் இதைப் புதுக்கோட்டையில் செய்து காட்டினார்கள். எழுத்து தனியாக வரவில்லை. கல்குவாரிக் குத்தகையோடும், பெண்கள் ஓட்டிய சைக்கிளோடும் சேர்ந்து வந்தது. இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும், பள்ளி தவறிய பிள்ளையை வயசுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி கொடு, 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை இலவசமாகப் படிக்க விடு என்கிறது. நடைமுறையில் ஓட்டைகள் இருக்கலாம், ஆனால் வயசு ஆயிடுச்சு, கிளம்பு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

நாங்கள் லூயிஸ்வில்லில் சின்ன அளவில் அப்படித்தான் மாற்றிப் பார்த்தோம். தம்பி நாலு வருஷம் கடையில் பார்த்த வியாபாரத்தையே அட்டவணையாகப் போடச் சொன்னேன்: கிழமை ஒரு பக்கம், எத்தனை ரொட்டி விற்றது இன்னொரு பக்கம். வெள்ளிக்கிழமை ஏன் அதிகம் என்று வாயால் விளக்கினான். அதை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாக எழுதினோம். 'பிகாஸ்' போட்டு ஒன்று, 'வேர்ஆஸ்' போட்டு இன்னொன்று. ஒரு மணி நேரம் ஆனது. அதன் பிறகு உயிரியல் தாளின் அட்டவணையைத் திறந்தான். நாலு கேள்வியில் மூன்று சரி.

என்ன செய்யலாம்

ஒன்று. வீட்டு மொழி ஃபார்மில் உண்மையை எழுதுங்க. அண்ணன், அக்கா வீட்டில் பிள்ளை பள்ளி சேர்கிறதா, போய் உட்கார்ந்து பேசுங்க. இ.எஸ்.எல். கேவலம் இல்லை என்று நம்ம வாயிலிருந்து வரணும்.

இரண்டு. 19, 21 என்ற இந்த இரண்டு எண்களையும் பரப்புங்க. பதினெட்டு வயசுப் பிள்ளையை வெளியே அனுப்பப் பார்த்தால், உரிமை இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்க.

மூன்று. பள்ளி வாரியக் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் உண்டு. அங்கே மதிப்பெண் தரவரிசை பற்றிப் பேச நம்ம ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். நாமும் நிற்போம், காஸ்டன்யேடாவின் மூன்று கேள்விகளோடு. புதிதாக வந்த பதின்வயதினருக்குத் தனி வகுப்பு எத்தனை? தாய்மொழி தெரிந்த உதவியாளர் எத்தனை பேர்? இடையில் படிப்பு நின்ற பிள்ளைகளை மற்ற இ.எஸ்.எல். பிள்ளைகளிடமிருந்து பிரித்துக் கணக்கு எடுக்கிறீர்களா?

நாலு. சனிக்கிழமை இரண்டு மணி நேரம். ஆசிரியர் பயிற்சி வேண்டாம். ஆனால் ஒரு தடவை வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் வர வேண்டாம். ஒரு பருவம் முழுக்க வர முடிந்தவர்கள் இந்த மடலுக்குப் பதில் எழுதுங்க.

போன சனிக்கிழமை கிளம்பும்போது தம்பியிடம் 2029 மே என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துப் போன் உறைக்குள் வைத்துக்கொண்டான். ராத்திரி அவனுக்குக் கிடங்கில் வேலை இருக்கிறது, பத்து மணிக்குப் போய் ரெண்டு மணிக்கு வருவான். அவ்வளவு வருஷம் அவன் தாக்குப்பிடிப்பானா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. உரிமை இருப்பதாலேயே வாடகை குறைந்துவிடாது. அந்த வகையில் பார்த்தால் இதுவும் வாடகை பற்றிய தலையங்கம்தான்.

இந்த வாரம் அவன் உலக வரலாறு கொண்டுவருவதாகச் சொன்னான். பாடம், காலனியாதிக்கம். மியான்மரையும் மலாயாவையும் தமிழ்நாட்டையும் ஒரே பிரிட்டிஷ்காரன் ஆண்ட கதை. ரெண்டு பேருக்கும் பேச நிறைய இருக்கும்.

தோழமையுடன்,
ஃபிரிஸ்கோவிலிருந்து, இந்த மாத ஆசிரியர்